குழலும் குரலும்

முன்னுரை

விருத்தாசலத்தினின்றும் உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் பெருவழியில் மங்கலம்பேட்டை என்பதோர் ஊர் உளது. அதுவே அடியேன் பிறந்து வளர்ந்த ஊர். அங்கு மணமகனை ஊர்வலமாக அழைத்து வரும் இரவுகளில் ‘பேண்டு செட்’ என வழங்கும் வாத்தியக் குழுவினர் முன்னே செல்வர். எக்காளமும் பெருமுரசும் ஆரவாரிக்க, அவ்வாரவாரத்திற்கு மேலாக ஒரு கரிய குழலின் ஓசை தனித்து எழும். பாட்டின் சொற்களைப் பாடுவார் அங்கு ஒருவரும் இலர். ஆயினும் கேட்போர் உதடுகள் அச்சொற்களைத் தாமே முணுமுணுக்கும். அக்குழலின் பெயர் கிளாரினெட்டு.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அக்குழுவினர் இளைப்பாறிய வேளையில், குழலூதும் பெரியவரை வேண்டி அக்கருவியைக் கையில் வாங்கி ஊதினேன். முதலில் வெறும் மூச்சன்றி வேறொன்றும் வெளிவரவில்லை. மீண்டும் வலிந்து ஊதவே, எண்ணெய் காணாத கதவு திறந்தாற்போன்ற ஓர் ஓசை எழுந்தது. சுற்றி நின்றோர் நகைத்தனர். அப்பெரியவர் மட்டும் நகைத்திலர். “தம்பி, முதல்லே பாடு, அப்புறம் ஊதலாம்” என்று கூறிக் கருவியை வாங்கிக் கொண்டார். குழல் ஊத விரும்பியவனைப் பாடச் சொல்லுவது ஏன் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

சென்ற ஆண்டு விடுதியில் இசையைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் விளையாட்டாக, “உங்கள் வேதமும் பறங்கியர் கொண்டு வந்தது, நீ புகழ்கின்ற குழலும் பறங்கியர் கொண்டு வந்ததே” என்றார். நகையாட்டில் எழுந்த சொல்லாயினும் அஃது என் நெஞ்சிற் தைத்து நின்றது. ஒரு பொருளை நம்முடையது ஆக்குவது எது? அது பிறந்த இடமா? அன்றி, அது நம்மிடம் வந்த பின்னர் நம் வாழ்வுக்கு எவ்வாறு இசைந்தது என்பதா? இவ்வினாவுக்கு விடை காணும்பொருட்டு, ‘கிளாரினெட் எவரெஸ்டு’ எனப் புகழ்பெற்ற திருச்சிராப்பள்ளி ஏ. கே. சி. நடராஜனாரின் இசைவாழ்வை ஆராயப் புகுந்தேன். புகுந்த இடத்தில், எங்கள் ஊர்ப் பெரியவர் சொல்லிய சிறு சொல்லே எனக்கு விளக்காய் அமைந்தது. அதனை ஈண்டு மாணவ நண்பர்கள் முன் வைக்கின்றேன்.

குழலாசிரியன் இலக்கணம்

குழலுக்கும் குரலுக்கும் உள்ள உறவு தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஏழாண்டு கலை பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் மன்னன் அவையேறிய செய்தியைக் கூறவந்த இளங்கோவடிகள், அவளுடைய அரங்கேற்றத்திற்குத் துணைநின்ற ஆசிரியர் ஒவ்வொருவரின் தகுதியையும் முறையே எடுத்து ஓதுகின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் என அறுவர் ஆண்டுக் காட்சியளிக்கின்றனர்.

அவருள் குழலோனுக்கு அடிகள் கூறும் தகுதிகள் நோக்கத்தக்கவை. வேகமாக விரலோட்டும் திறனையோ, நெடுநேரம் மூச்சடக்கும் வன்மையையோ அடிகள் தலைமையாகக் கொண்டாரல்லர். பாட்டின் ஒவ்வோர் எழுத்தும் குழலின்கண் பிழையின்றிப் புலப்படுமாறு ஊத வேண்டும் என்பதே அவர் கருத்து. சொல்லில் வல்லொற்று வருமிடத்தை மெல்லொற்றுப் போல நெகிழ்த்து இசைக்கும் முறைக்குச் ‘சித்திரப் புணர்ப்பு’ என்னும் பெயரும் உண்டென்று உரையினால் அறிகின்றோம். குழலில் எழுத்து ஏது? சொல் ஏது? பாடத் தெரிந்தவன் ஊதினாலன்றி அவை தோன்றுமாறு இல்லை. ஆகவே, குழலோன் முதலிற் பாட்டறிந்தவனாதல் வேண்டும் என்பது பெறப்படும்.

மற்றொரு செய்தியும் உண்டு. குழல் செய்தற்குரிய பொருள்களாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தனை அடியார்க்கு நல்லார் எண்ணுகின்றார். அவற்றுள் மூங்கிலையே சிறந்ததாகக் கொள்கின்றார். கிளாரினெட்டும் கருங்காலி போன்ற வைரமேறிய கரிய மரத்தாற் செய்யப்படுவதே. அம்மரம் ஆப்பிரிக்க நாட்டில் விளைவது. எனினும், கரிய மரத்தைக் குடைந்து குழலாக்குதல் நம் முன்னோர் அறியாத செயலன்று என்பதை நினைவிற் கொள்க.

கருவியின் பிறப்பும் இயல்பும்

செர்மானிய நாட்டு நூரன்பர்க்கு நகரில் வாழ்ந்த யோகான் கிறிஸ்தோப் தென்னர் (1655–1707) என்னும் கருவிவினைஞரே கிளாரினெட்டை ஆக்கியவர் என்பர். ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டில், அக்காலத்து வழங்கிய ‘ஷாலுமோ’ என்னும் எளிய நாணற்குழலை அவர் திருத்தினார். அக்குழல் தாழ்ந்த சுரங்களை மட்டுமே இனிது ஒலித்தது. தென்னர் குழலின் மேற்பகுதியில் சிறு துளையொன்றும் அதனைத் திறந்து மூடச் சாவியொன்றும் அமைக்கவே, உயர்ந்த சுரங்களும் அதன்கண் எளிதிற் பிறந்தன. பின்னர் 1839 முதல் 1843 வரையிலான ஆண்டுகளில், பாரிஸ் நகரத்து இசையாசிரியர் க்ளோசே என்பாரும் புஃபே என்னும் வினைஞரும் கூடி, வளையங்களும் சாவிகளும் பொருந்திய புதிய அமைப்பொன்றை வகுத்தனர்.

இனி, நாதசுரத்தோடு இதனை ஒப்பிட்டுக் காண்போம். நாதசுரத்தின் சீவாளி, ஒன்றோடொன்று பொருந்திய இரண்டு இதழ்களை உடையது. கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் கட்டப்படும் நாணற்பட்டையோ ஒன்றே. நாதசுரத்தின் உட்டுளை மேலே குறுகிக் கீழே செல்லச் செல்ல விரிவது. கிளாரினெட்டின் உட்டுளை பெரும்பாலும் ஒரே அளவினது. காண்பார்க்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டாற் பெரியதொரு விளைவு உண்டாகின்றது.

நாதசுரத்தில் ஒரு சுரத்தை ஊதிக் கொண்டிருக்கும்போது, விரலை மாற்றாமலே மூச்சை மிகுவித்தால் அதே சுரம் அடுத்த மேல் தானத்தில் ஒலிக்கும், புல்லாங்குழலும் அத்தகையதே. கிளாரினெட்டு அவ்வாறன்று. அதன்கண் கீழ்த்தானத்துக் குரலை ஒலிக்கும் விரலமைப்போடு மேற்சாவியைத் திறந்தால், மேல் தானத்துக் குரல் பிறவாது. அதற்கும் மேலான இளியே பிறக்கும். ச என்னும் சுரத்தைக் குரல் என்றும் ப என்னும் சுரத்தை இளி என்றும் தமிழ் நூலோர் கூறுவர் என்பதை மாணவர் அறிவர். ஆகவே, கிளாரினெட்டில் கீழ்த்தானத்துக்கு ஒரு விரலமைப்பும் மேல் தானத்துக்கு வேறொரு விரலமைப்பும் பயில வேண்டும். இரண்டிற்கும் இடையே ஒரு மடை உளது. கீழிருந்து மேலே செல்லும் பாட்டு அம்மடையில் இடறும். ஓசையின் நிறமும் அங்கே மாறும். யான் சிறுவயதில் எழுப்பிய கதவோசையும் அம்மடையை அறியாது மோதியதால் விளைந்ததே போலும்!

இவ்விடர்ப்பாடு போதாதென்று வேறொன்றும் உண்டு. மேலைநாட்டு இசையில் ஒவ்வொரு சுரமும் படிக்கட்டின் படிபோலத் தனித்து நிற்பது. நம் இசையிலோ சுரங்கள் அலைபோல அசைவன. தோடி இராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் நிலைத்து நிற்குமாயின் அது தோடியாகாது. இந்த அசைவினையே கமகம் என்கின்றோம். சாவிகளாற் சுரங்களைப் பிரித்து நிறுத்தும்பொருட்டு ஆக்கப்பட்ட கருவியில் கமகத்தைப் பிறப்பித்தல் எங்ஙனம்? துளையை முழுதும் திறவாது விரலைச் சரித்தும், உதட்டின் அழுத்தத்தை இறுக்கியும் நெகிழ்த்தும், மூச்சை அளந்து விட்டுமே அதனைச் செய்ய இயலும். எவ்வளவு சரிப்பது, எப்போது நெகிழ்ப்பது என்பதைக் கருவி கற்பியாது. கற்பிப்பது ஊதுவோன் உள்ளத்தே ஒலிக்கும் பாட்டேயாம்.

வியன்னாவின் குழலாசிரியர்

நம் நாட்டு வரலாற்றிற்குச் செல்லுமுன், அக்கருவி பிறந்த நிலப்பகுதியிலேயே அதனைப் பெருமைப்படுத்திய ஒருவரை அறிந்து கொள்வது நலம். அவர் அந்தோன் ஸ்டாட்லர் (1753–1812). ஆஸ்திரிய நாட்டவராகிய அவர், தம் இளவல் யோகானுடன் வியன்னாவில் குழலூதி வாழ்ந்தவர். பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1782-இல் அமைத்த அரண்மனைக் காற்றிசைக் குழுவில் இவ்விருவரும் இடம்பெற்றனர். 1787-இல் அரண்மனைப் பேரிசைக் குழுவிலும் சேர்க்கப்பட்டனர்.

இசைக்குழுவிற் பலருள் ஒருவராய் அமர்ந்திருப்பவர்க்குப் பெயர் நிலைப்பது அரிது. ஸ்டாட்லரின் பெயர் நிலைத்ததற்குக் காரணம், அவர் ஊதிய ஒலி மோட்சார்ட்டு என்னும் இசைப்பேரறிஞரின் செவியிற் பட்டதேயாகும். மோட்சார்ட்டு 1789-இல் கிளாரினெட்டும் நான்கு நரம்புக் கருவிகளும் கூடி இசைக்கும் ஐந்திசையொன்றையும், 1791-இல் கிளாரினெட்டைத் தலைமையாகக் கொண்ட கச்சேரி உருப்படியொன்றையும் அவர்பொருட்டே இயற்றினார். பின்னதை இயற்றிய சில திங்களில், அவ்வாண்டு திசம்பர் 5-ஆம் நாள், மோட்சார்ட்டு தம் முப்பத்தைந்தாம் அகவையில் இயற்கை எய்தினார். மனிதக் குரலை நிகர்க்கும் கருவி எனக் கிளாரினெட்டை மேலைநாட்டார் போற்றுவதற்கு இவ்விரண்டு படைப்புக்களும் பெரிதும் காரணமாயின.

ஸ்டாட்லரைப் பற்றி நமக்கு வேண்டுவது பிறிதொரு செய்தி. அங்கேரிப் பெருமகனாகிய பெஸ்டெடிக்ஸ் என்பார் இசைப்பள்ளியொன்று நிறுவக் கருதி அவரை வினவியபோது, 1799-ஆம் ஆண்டளவில் அவர் ஒரு விரிவான கல்வித்திட்டம் வரைந்து அளித்தார். ஆறாண்டு பயிலுதற்குரிய அத்திட்டத்தில், குரல் நலமுடையவர் நலமற்றவர் என்னும் வேறுபாடின்றி, இசை பயில்வோர் அனைவரும் பாடுதலைக் கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இசைவல்லோன் பிற கலைகளையும் அறிந்திருத்தல் வேண்டும் என்றும் அவர் கருதினார். வாழ்நாள் முழுவதும் கருவியையே வாயில் வைத்திருந்தவர், கருவிக்கு முன் குரலை வைத்தார்! இளங்கோவடிகளை அவர் அறியார். மங்கலம்பேட்டைப் பெரியவர் அவரை அறியார். மூவர் சொல்லும் ஒன்றாய் இருத்தல் வியக்கற்பாலது.

தமிழகம் புகுந்த வரலாறு

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) இளமையில் சுவார்த்தையரின் அரவணைப்பில் வளர்ந்தவர் என்பதும், வேதநாயக சாஸ்திரியார் அம்மன்னரோடு ஒருங்கு பயின்றவர் என்பதும் நம் கல்லூரி மாணவர் அறிந்தவையே. அம்மன்னரின் அரண்மனையில் ஐரோப்பிய இசைக்கருவிகளைக் கொண்ட வாத்தியக் குழு ஒன்று இயங்கியது. அதே காலத்தில்தான் பிடில் என்னும் நரம்புக் கருவியை முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் இளையவராகிய வடிவேலும் நம் இசைக்குப் பழக்கினர். இன்று பிடிலின்றிப் பாட்டுக் கச்சேரி இல்லை. அதனை அயலது என்பாரும் இல்லை.

கிளாரினெட்டு புகுந்த வாயில் வேறு. அது சதிராட்டத்திற்கு இசைக்கும் சின்னமேளத்தின் வழியாகப் புகுந்தது. அதனை முதலிற் கொணர்ந்தவர் தஞ்சை நால்வருள் மூத்தவராகிய சின்னையா என்பர் ஒரு சாரார்; 1860-ஆம் ஆண்டையொட்டி மகாதேவ நட்டுவனார் கொணர்ந்தார் என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், அதுகாறும் சின்னமேளத்தில் ஒலித்து வந்த முகவீணை என்னும் சிறு குழலின் இடத்தை அது பையப் பையப் பெற்றது. ஆடுவாருக்குப் பின்னே நட்டுவனாரும் பாடுவாரும் நிற்க, அவரோடு கிளாரினெட்டு ஊதுபவரும் நின்று, பாட்டின் அடிகளை நிழல்போலத் தொடர்ந்து ஊதுவார். பதத்தின் ஒரே அடியைப் பன்முறை மாற்றி மாற்றி அபிநயம் பிடிக்கும்போது, குழலும் அம்மாற்றங்களை அறிந்து பின்பற்றல் வேண்டும். ஏறத்தாழ எழுபது ஆண்டு நிகழ்ந்த இப்பயிற்சியே அக்கருவிக்குத் தமிழ் கற்பித்தது என்னலாம். பாட்டின் சொல்லைக் கேட்டுக் கேட்டு, அது சொல் பேசக் கற்றது.

பின்னர் அவ்வாயில் அடைபட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த சீர்திருத்த இயக்கத்தின் பயனாக, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் ஒழித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் பன்னாள் உழைத்துப் பெற்ற அச்சட்டத்தின் நன்மையை மறுப்பார் இலர். ஆயினும், சின்னமேளமும் அதனோடு குலைந்தது. சதிர், பரதநாட்டியம் என்னும் பெயரோடு புதிய அரங்கம் ஏறியபோது, இசைவாணர் ஆடரங்கின் ஒருபுறத்தே அமரலாயினர்; கிளாரினெட்டின் இடத்தைப் பெரும்பாலும் புல்லாங்குழல் பெற்றது. பாலசரஸ்வதியார் போன்ற மரபு வழுவாத சிலர் குழுவிலேயே அது தொடர்ந்து ஒலித்தது. ஆட்டத்தால் வாழ்ந்த கருவி ஆட்டத்தை இழந்தது. இனி அதற்கு மண ஊர்வலமும் திருவிழாவுமே புகலிடமோ என்னும் நிலை நேர்ந்தது. அந்நிலையில் அதனைக் கைப்பிடித்துக் கச்சேரி மேடையின் நடுவே அமர்த்தியவரே நடராஜனார்.

நடராஜனாரின் கல்வி

ஏ. கே. சி. நடராஜனார் 1931-ஆம் ஆண்டு பிறந்தார். திருச்சிராப்பள்ளி அவரது வாழ்வுக்கும் கலைக்கும் நிலைக்களமாயிற்று. தந்தையார் சின்னிகிருஷ்ண நாயுடு தாமும் கிளாரினெட்டு ஊதுபவர். ஆகவே, கருவி வீட்டிலேயே இருந்தது. அதன் ஒலியைக் கேட்டே அவர் வளர்ந்தார். தந்தையிடம் கருவியைப் பயின்று, அத்தொழிலையே செய்து, அதனோடு அமைந்திருக்கலாம். அவர் அவ்வாறு அமைந்தாரல்லர்.

ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடம் அவர் வாய்ப்பாட்டுப் பயின்றார். அவ்வாசிரியர், ‘ஆலத்தூர் சகோதரர்’ எனப் பெயர்பெற்ற சீனிவாச ஐயரையும் சிவசுப்பிரமணிய ஐயரையும் உருவாக்கியவர். அவ்விருவர்தம் பல்லவித் திறத்தையும் தாளத் தெளிவையும் இசையுலகம் நன்கறியும். அத்தகைய ஆசிரியரிடம், குழலூதப் பிறந்த பிள்ளை, குரலெடுத்துப் பாடக் கற்றது. சாகித்தியத்தின் சொல் எங்கே பிரிகின்றது, எவ்வெழுத்தில் மூச்சு வாங்கலாம், எவ்வெழுத்தில் வாங்கலாகாது, தாளத்தின் எவ்விடத்தில் சொல் வந்து விழும் என்பனவற்றை எல்லாம் வாய்ப்பாட்டினாலன்றி அறிய முடியாது. சொல்லின் நடுவே மூச்சு வாங்கும் குழலோன், பொருளின் நடுவே வெட்டுகின்றான் அன்றோ?

அதன்மேல், இலுப்பூர் நடேச பிள்ளையிடம் அவர் நாதசுரமும் பயின்றார். இது மூன்றாம் கல்வி. நாதசுரக்காரர் கோயில் வீதிகளில் நள்ளிரவு வரை ஒரே இராகத்தை விரித்து ஆலாபனை செய்யும் மரபுடையவர். சொல்லின் துணையின்றி இராகத்தை மட்டுமே கொண்டு ஆயிரவரை நிறுத்தி வைக்கும் ஆற்றல் அம்மரபிற்கு உரியது. உதட்டாலும் மூச்சாலும் கமகத்தைப் பிறப்பிக்கும் நுட்பமும் அதன்கண் முதிர்ந்துள்ளது. சாவியுடைய கருவியில் கமகத்தை எங்ஙனம் பிறப்பிப்பது என்று மேலே வினவினோமன்றோ? சாவியில்லாத நாதசுரத்தில் பயின்ற உதடும் மூச்சுமே அவ்வினாவுக்கு விடையாயின.

இம்மூன்றனையும் தொகுத்து நோக்குக. தந்தை கருவியைத் தந்தார். வேங்கடேச ஐயர் பாட்டைத் தந்தார். நடேச பிள்ளை இராகத்தின் விரிவைத் தந்தார். கருவி ஒன்றே அயல்நாட்டினது. அதன் வழியே வெளிவந்த மூச்சும் சொல்லும் இராகமும் முற்றும் காவிரிக்கரையின.

நடராஜனாரின் தொழில்

அகில இந்திய வானொலியிற் சிலகாலம் பணிபுரிந்த நடராஜனார், பின்னர்த் தனிக்கச்சேரி செய்வதையே தம் வாழ்வாகக் கொண்டார். ஆட்டத்தைப் பின்தொடர்ந்து வந்த கருவி இப்போது தானே தலைமை தாங்கியது. தவில் அதற்குத் துணைநின்று முழங்கியது. மிருதங்கத்தின் மென்மைக்கு அடங்கிப் போகாது, தவிலின் முழக்கத்திற்கும் ஈடுகொடுக்கும் நாதம் அவர் கிளாரினெட்டில் எழுந்தது என்பதே அவர் நாதசுர மரபிற் தோய்ந்தவர் என்பதற்குப் போதிய சான்றாகும்.

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாதசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்றவர். தோடி இராகம் அவருக்கே உரியதென உலகம் பேசியது. அவரே நடராஜனாருக்குக் ‘கிளாரினெட் எவரெஸ்டு’ என்னும் பட்டத்தை அளித்தார். இராஜரத்தினம் பிள்ளை 1956 திசம்பரில் மறைந்தார். ஆதலின், அப்பட்டம் பெற்றபோது நடராஜனாருக்கு வயது இருபத்தாறும் நிரம்பியிருக்கவில்லை என்பது தெளிவு. இப்பட்டத்தின் சிறப்பு, அதன் சொல்லில் இல்லை; அதனை அளித்தவர் யார் என்பதில் உளது. வேறொரு குழலின் பேரரசர், தம் கருவிக்குப் போட்டியாக எழக்கூடிய அயற்குழலை இகழ்ந்து ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கினாரல்லர். கண்ணை மூடிக் கேட்பார்க்குக் கருவியின் ஊர் தெரியாது. இராகத்தின் உண்மையே தெரியும். அவ்வுண்மையை அவர் இளைஞர் ஒருவரின் ஊதலிற் கண்டார்; மனமுவந்து பாராட்டினார்.

பின்னர்ப் பெருமைகள் பல வந்தெய்தின. 1994-இல் சங்கீத நாடக அகாதெமியின் விருதும், 2008-இல் சென்னை சங்கீத வித்வத் சபையின் ‘சங்கீத கலாநிதி’ பட்டமும், 2022-இல் இந்திய அரசின் ‘பத்மஸ்ரீ’ விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. இருபத்தாறு வயதிற்குள் எவரெஸ்டு எனப் போற்றப்பட்டவர், சங்கீத கலாநிதி ஆதற்கு எழுபத்தேழு வயது வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டும் அவர் ஊதிக் கொண்டே இருந்தார். மேடை கிடைத்த பின்னர்ப் பயில்வோம் என்று இருந்திருப்பாராயின், மேடையும் கிடைத்திராது, கிடைத்தாலும் பயன்பட்டிராது.

ஓர் ஐயமும் விடையும்

“அற்றேல், வந்த கருவி எல்லாவற்றையும் நம்முடையன என ஏற்றுக்கொள்ளலாமோ?” என வினவுவார் உளர். அவ்வாறு யான் கூறவில்லை. ஆர்மோனியமும் மேலைநாட்டினின்று வந்ததே. தெருக்கூத்திலும் நாடகமேடையிலும் அஃது ஊரெங்கும் பரவியது. எனினும், 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது; அத்தடை 1971-இற்றான் தளரத் தொடங்கியது. காரணம் என்னை? அதன் கட்டைகள் ஒவ்வொரு சுரத்தையும் அசையாது நிறுத்தி விடுகின்றன. கமகம் அதன்கண் பிறவாது என்பதே இசையறிஞர் கூறிய முதன்மையான குறை. கிளாரினெட்டு அங்ஙனம் தள்ளப்படவில்லை.

இவ்விரண்டனையும் சீர்தூக்கி நோக்கின் உண்மை புலனாகும். இரண்டும் அயல்நாட்டில் பிறந்தவை. இரண்டிலும் சாவிகளோ கட்டைகளோ உள. ஆயினும், ஒன்று குரலின் அசைவுக்குத் தன்னை வளைத்துக் கொடுத்தது. மற்றொன்றால் அஃது இயலவில்லை. ஆகவே, நம் இசையுலகம் வினவியது, ‘நீ எந்த ஊர்?’ என்பதன்று, ‘நீ பாடுவாயா?’ என்பதே. இந்த வினா நேரியது. பிறந்த இடத்தை ஒருவராலும் மாற்ற இயலாது; பாடக் கற்றுக் கொள்வதோ முயல்வார்க்கு இயலும்.

இதற்கு மறுதலையாகிய சான்றும் உண்டு. திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999) இஸ்லாமியர். கோயிற்கருவியாகிய நாதசுரத்தை வாசித்து 1998-இல் சங்கீத கலாநிதி ஆனவர். ஈண்டுக் கருவி உள்நாட்டினது. வாசித்தவர் வேற்றுச் சமயத்தவர். ஆண்டு நடராஜனார் நம் மரபினர், கருவி வேற்றுநாட்டினது. இருவரையும் ஒரே அவை ஒரே பட்டத்தாற் சிறப்பித்தது. காவிரியின் கரை இத்தகைய கலப்புக்களை அஞ்சியதில்லை.

முடிவுரை

எங்கள் பகுதியைச் சேர்ந்த விருத்தாசலம் இன்று பீங்கான் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் கலை சீனத்திற் பிறந்தது. ஆயினும், எங்கள் பக்கத்துப் பெண்டிரும் ஆடவரும் மண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டு, சூளையில் வேவித்து, நிறந்தீட்டி எடுக்கும் பொம்மையை எவரும் சீனத்துப் பொம்மை என்று கூறுவதில்லை. உழைத்த கையும் வெந்த தீயும் அதற்கு ஊர்ப்பெயர் தந்துவிட்டன. கருவியும் அவ்வாறே. நூரன்பர்க்கில் பிறந்த குழல், சின்னமேளத்தில் சொல் கற்று, நாதசுர மரபிற் புடமிடப்பட்டு, திருச்சிராப்பள்ளிக் கலைஞர் ஒருவரின் மூச்சிற் தமிழ்க்குழல் ஆயிற்று.

நண்பர் விளையாட்டாகச் சொல்லிய சொல்லுக்கு என் விடை இதுவே. எங்கள் திருச்சபையில் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடுகின்றோம். அவை தமிழ்ச் சொல்லும் நம் நாட்டு இராகமும் கொண்டவை. எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் வினவுக. எம் தாத்தனும் பாட்டியும் எம்மொழியில் அழுதும் தொழுதும் பாடினர் என்று மட்டும் யாம் விடை கூறுவோம். ஆயினும், அவ்விடை கூறுதற்கு நாமும் தகுதி பெறல் வேண்டும். முன்னோர் பாடினர் என்பது போதாது. நாம் பாடக் கற்றிருத்தல் வேண்டும். நடராஜனார் தந்தையின் கருவியைப் பெற்றதோடு அமையாது, மேலும் இருவரிடம் சென்று பயின்றதன் பொருள் அதுவேயாம்.

தமிழ் பயிலும் நமக்கும் இதில் ஒரு பாடம் உளது. இலக்கணம் நமக்குக் கருவி. அதன் துளைகளையும் சாவிகளையும் நன்கறிந்து, பாட்டை அறியாதிருப்போமாயின், நம் எழுத்தினின்றும் கதவோசையே எழும். யான் ஒருமுறை எழுப்பியிருக்கின்றேன். அதன் இன்னாமையை அறிவேன். இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அப்பெரியவரைத் தேடிக் காணக் கருதியுள்ளேன். அவர் இருப்பாராயின், குழலைக் கேளேன். அவர் முன் நின்று முதலில் ஒரு பாட்டுப் பாடுவேன்.